உறை ஆரிட்ட இருக்கு?

"ஜீனை மாத்தின ஒண்டும் எங்கட மண்ணுக்குள்ள வரக்கூடாது" என்று குடும்ப வட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு குரல்பதிவு போட்டிருந்தார். மூன்று நிமிடம். போட்டுவிட்டு, வழக்கம்போல இராச்சாப்பாட்டுக்கு முதல் இன்சுலின் ஊசியும் போட்டிருப்பார்.

அவரைக் குறை சொல்ல வரவில்லை. உயிரியல் தொழில்நுட்பம், அதாவது உயிர்களைக் கொண்டு நமக்கு வேண்டியதைச் செய்விப்பது, என்றால் எங்கோ வெள்ளைக் கோட்டுக்காரர் செய்யும் வில்லங்கம் என்றுதான் நம்மில் பலருக்கு எண்ணம். பள்ளிக்கூடத்தில் வரைவிலக்கணத்தோடு தொடங்கினார்கள். பாடமாக்கினோம், சோதனை முடிய மறந்தோம். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்?

மீள்குடியேறிய புதிதில் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. குசினி மூலையில் இரண்டு முட்டிகள். ஒன்றில் அம்மா எருமைப்பாலைக் காய்ச்சி ஆறவிட்டு, விரல் வைத்துச் சூடு பார்த்து, முதல்நாள் தயிரில் ஒரு கரண்டியை உறையாக விட்டு மூடிவைப்பா. மற்றதில் ஈரமணல், அதன் நடுவில் அம்மம்மாவின் இன்சுலின் குப்பி. இரண்டுமே நுண்ணங்கிகள் செய்து தந்தவை என்பது எனக்குக் கன காலம் கழித்துத்தான் உறைத்தது.

ஒரு காலத்தில் பன்றி, மாட்டின் கணையத்திலிருந்துதான் இன்சுலின் எடுத்தார்கள். 1978இல் மனித இன்சுலினுக்கான மரபணுவை, அதாவது ஜீனை, ஈ.கோலை பக்டீரியாவுக்குள் வைத்து, அதைக்கொண்டே இன்சுலினைச் செய்வித்தார்கள். 1982இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. இப்போது மதுவத்தை (ஈஸ்ட்) கொண்டும் செய்கிறார்கள். சித்தப்பா ஒவ்வொரு நாளும் வயிற்றில் ஏற்றுவது இந்த "ஜீனை மாத்தின" வேலையைத்தான்.

எல்லாவற்றுக்கும் ஜீனில் கைவைக்கவும் தேவையில்லை. காலபோகத்து உழுந்துச் செடி ஒன்றை மண்ணோடு கிண்டி எடுத்துப் பாருங்கள். வேரில் குறுணி குறுணியாய் முடிச்சுகள். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. ரைசோபியம் பக்டீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் இடம் அது. அந்தப் பக்டீரியாவை வளர்த்து விதையில் பிரட்டி விதைப்பதும் உயிரியல் தொழில்நுட்பம்தான். 2021இல் இலங்கையில் இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தினார்களே, அப்போது "இயற்கை, இயற்கை" என்று முழங்கிய ஒருவரும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை. நெல்லுக்கு இது சரிவராது, அது வேறு கதை. உழுந்துக்கும் பயறுக்கும் கச்சானுக்கும் சரிவரும்.

ஆனால் சித்தப்பாவின் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை எனக்குக் காட்டித் தந்தது அம்மா. இன்சுலின் கதையை விளங்கப்படுத்தும்போது, "இதுவும் உறை போட்டு எடுக்கிற மாதிரித்தான் அம்மா" என்றேன். கொஞ்சம் யோசித்தா.

"அப்ப அந்த உறை எங்களிட்ட இருக்கோ?"

தயிருக்கு உறை முடிந்தால் பக்கத்து வீட்டு மாமியிடம் கிண்ணத்தோடு போகலாம். விதைநெல் காணாவிட்டாலும் ஊரில் ஆராவது தருவினம். சித்தப்பாவின் குப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். "இந்தியாவில் தயாரிக்கப்பட்டது" என்று போட்டிருந்தது.