முதல் வாரக் கடிதத்தை எவ்வளவு நம்பலாம்?
வெளிநாட்டுக்கு மிஷன் ஊழியத்துக்குப் போகிறவர் முதல் வாரம் எழுதும் கடிதம்தான் கலப்படமில்லாதது, பிறகு கண் பழகிவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெர்மனியிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த மிஷனரி சீகன்பால்குவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். இந்த ஊர் மொழியான தமிழுக்கு ஒழுங்கான இலக்கணம் இருக்கும் என்று வந்த புதிதில் நினைக்கவே இல்லை என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். அப்புறம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். 1708லேயே கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் பெயர்த்தார். 1716ல் ஜெர்மனியின் ஹாலேயில் தமிழ் இலக்கணமே அச்சிட்டார், லத்தீனில்! இதில் எது கலப்படம்? என் கதை சின்னது. ஜாம்பியாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகப் போன முதல் நாள், வராந்தாவில் ஒரு பாட்டி என்னைப் பார்த்து மெதுவாகக் கைதட்டினார். ஹோட்டலில் சர்வரைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுகிறாரே என்று எரிச்சல். அன்றிரவு வீட்டுக்கு அப்படியேதான் எழுதினேன். உள்ளங்கையைக் குவித்துத் தட்டுவது அங்கே வணக்கம் என்று மூன்றாம் வாரம்தான் தெரிந்தது. அந்தக் கடிதத்தை அம்மா இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.