கணமும் கமகமும்

புகைப்படம் என்றால் உறைந்துபோன கணம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடலூர் தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையில், வெயில் ஏறிய பிறகு ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியில் வைத்து எடுத்தால், அலையின் ஒவ்வொரு துளியும் கண்ணாடிச் சில்லாக அந்தரத்தில் நிற்கும். லென்ஸின் முன், உள்ளே வரும் ஒளியைக் குறைக்கும் கறுத்த என்.டி. ஃபில்டரை மாட்டி, ஷட்டரை 30 நொடி திறந்து வைத்தால், அதே கடல் மூடுபனியாகப் படிந்துவிடும். இரண்டாவது படத்தைத்தான் பலரும் செயற்கை என்கிறார்கள். துளி அந்தரத்தில் நிற்பதை மட்டும் எந்தக் கண் பார்த்ததாம்?

அப்படி நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்த ஒரு படத்தில், ஃபைபர் படகின் நிழலில் அமர்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தவரின் தோளும் தலைத்துண்டும் துல்லியமாக விழுந்திருக்க, ஊசி பிடித்த கை மட்டும் வெளிறிய தீற்றலாக இருந்தது. அவர் செய்த வேலை முழுவதும் அந்தத் தீற்றலில்தான் இருக்கிறது.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இது புதிதாக இராது. தோடி ராகத்தின் காந்தாரம் என்ற சுரத்தைச் சுரக்குறிப்பில் 'க' என்று ஓரெழுத்தில் எழுதிவிடலாம். பாடும்போது அது அண்டைச் சுரங்களான ரிஷபத்தையும் மத்தியமத்தையும் தொட்டு அசைந்துகொண்டேயிருக்கும். இந்த அசைவுதான் கமகம். அதே சுரத்தை ஆர்மோனியக் கட்டையில் அழுத்தினால் சுருதி பிசகாது, ஆனால் தோடி வராது. (அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.)

கணமா, தொடர்ச்சியா என்பது தத்துவத்தில் பழைய வழக்கு. பொருள்கள் கணந்தோறும் தோன்றி அழிகின்றன என்ற, சௌத்திராந்திகர் எனும் பௌத்தப் பிரிவினரின் கொள்கையை, 13ஆம் நூற்றாண்டில், நம் கடலூர் மாவட்டத்துத் திருத்துறையூரைச் சேர்ந்த அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில், பிற சமயக் கொள்கைகளை மறுக்கும் பரபக்கம் என்ற பகுதியில் மறுக்கிறார். முதலில் எதிராளியின் வாதத்தை எடுத்துரைத்து, அதன்பிறகே மறுப்பைத் தொடங்குகிறார். முகநூலில் இந்த ஒழுங்கைக் காண்பது அரிது. நான் அவர் பக்கம் சாய்வதற்குக் காரணம் சமயம் அன்று, சங்கீதம். போன சுரம் காதில் தங்கியிருந்தால்தான் வருகிற சுரம் ராகமாகும். ஒவ்வொரு கணமும் முற்றாக அழிந்துபோகுமானால் ராகத்தைக் கேட்டவர் யார் என்ற கேள்வி எழுகிறது. அறுபடாத தொடர்ச்சியைச் 'சந்தானம்' என்று பெயரிட்டு, பௌத்தர்கள் இதற்கு விடை வைத்திருக்கிறார்கள். அந்த விடையை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் தொடர்ச்சி என்ற ஒன்றை ஒப்புக்கொண்டபின், 30 நொடி திறந்திருந்த ஷட்டரைப் பொய் என்று சொல்ல அவர்களாலும் இயலாது.