ஒரு முத்துசாமியைக் கண்டுபிடிக்க

கொள்ளுத்தாத்தா தாசில்தாராக இருந்தவர். பெயர் முத்துசாமி. அந்தக் காலத்தில் நியமனம், இடமாற்றம் எல்லாம் மெட்ராஸ் அரசின் அரசிதழான செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டில் அச்சாகும் என்பதால் நான்கு சனிக்கிழமைகளாக நூலகத்தில் பழைய தொகுதிகளைப் புரட்டுகிறேன். ஒரு மனிதரின் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகத்தான் எழுதுவார்கள்? ஒரு பக்கத்தில் மூத்தூசாமி, அடுத்ததில் முட்டுசாமி, அப்புறம் முத்துஸ்வாமி! இனிஷியலோ ஒற்றை எழுத்து. அந்த 'ஆர்' ராமசாமியா, ரங்கசாமியா, ராயப்பனா? யாரைக் கேட்பது?

சரி, 1881 முதல் பத்து வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் எண்ணினார்களே, அந்த மக்கள்தொகை நூல்களாவது உதவுமா? தாலுகாவில் இத்தனை ஆண், இத்தனை பெண், அவ்வளவுதான். ஒரு பெயர் கிடையாது. கொள்ளுப்பாட்டியின் பெயரை எந்த கெஜட் போட்டது? அவள் பிறக்கவே இல்லையா?

நேற்று ஒரு பக்கம் கிடைத்தது. ஊர் சரி, வருடம் சரி. கை நடுங்க விரலை ஓட்டினேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒட்டிய செல்லோ டேப் பழுப்பேறி, எழுத்தையெல்லாம் உரித்துக்கொண்டு சுருண்டு கிடந்தது. 'சாமி' மட்டும் மிச்சம். அங்கேயே அழுகை வந்துவிட்டது.