படுவான்கரையில்தான் பொழுது படும்

"கடலில் சூரியன் மறையும் படம் ஒன்று கட்டாயம் வேண்டும் அண்ணா" என்று, திருமணப் படம் எடுக்கும் எனக்குச் செய்தி வராத மாதமே இல்லை. ரொறன்ரோவிலிருந்து வரும், லண்டனிலிருந்து வரும், சில வேளை வெள்ளவத்தையிலிருந்தும் வரும். வெள்ளவத்தைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் சூரியன் கடலுக்குள்தான் இறங்கும். ஆனால் திருமணம் பாசிக்குடாவில். பாசிக்குடா இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிறது.

இதைச் சொல்லிப் புரிய வைக்க எனக்குப் புவியியல் புத்தகம் தேவையில்லை. எங்கள் ஊர்ப் பெயர்களே போதும். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக இருப்பது எழுவான்கரை. மேற்கே, வயலும் குளமுமாகக் கிடப்பது படுவான்கரை. பொழுது எழும் கரை, பொழுது படும் கரை. எந்தக் காலத்திலோ யாரோ வாவிக்கரையில் நின்று வெளிச்சத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். புகைப்படக்காரனுக்கு இதைவிட நல்ல குறிப்பு வேறு யாரும் எழுதித் தரப்போவதில்லை.

'டெஸ்டினேஷன் வெடிங்' என்ற சொல் எனக்கு இன்னும் பழகவில்லை. வருகிறவர்களுக்குத்தான் அது டெஸ்டினேஷன். எனக்கு அம்மம்மா வீட்டுக்குப் போகும் வழி. பதினொரு வருடங்களாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பாசிக்குடாவுக்கு மட்டக்களப்பு நகரத்திலிருந்து 30 கிலோமீற்றருக்குச் சற்று மேல், அறுகம்குடாவுக்கு 100 கிலோமீற்றருக்கு மேல். இரண்டுக்கும் கமராப் பையோடு போய் வருவதுதான் என் பிழைப்பு. அறுகம்குடா இருக்கும் பொத்துவில் பக்கம் வேலை என்றால் இரவில் திரும்ப மாட்டேன். யானை நிற்கும் வீதியில் தூக்கக் கலக்கத்தோடு வான் ஓட்டும் துணிச்சல் எனக்கில்லை. ஆகவே தங்குமிடச் செலவு கட்டணத்தில் சேரும். "ஒரு இரவுக்கு எதற்கு அறை?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

போன ஆவணியில் நடந்ததைச் சொல்கிறேன். ஆவணி எங்களுக்குப் பேய் மாதம். வெளிநாட்டில் பள்ளிக்கூட விடுமுறை நடக்கும்போது இங்கே ஆடி பிறந்துவிடும், ஆடியில் யாரும் தாலி கட்ட மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் விடுமுறை முடிவதற்குள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முகூர்த்தம் வேண்டும். தை நல்ல மாதம்தான், ஆனால் வடகீழ்ப் பருவமழை அப்போதும் முழுதாக விட்டிருக்காது. மழைக்கு மாற்றிடம் பார்த்து வைக்காமல் கடற்கரையில் மணவறை போடாதீர்கள் என்று தைக்குக் கேட்பவர்களிடம் கெஞ்சுவேன்.

கனடாவில் பிறந்த மணப்பெண், பூர்வீகம் படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். அறுபத்து நான்கு படங்கள் கொண்ட பட்டியல் ஒன்றைப் பெண்ணின் தம்பி தொலைபேசியில் வைத்திருந்தான். எடுக்க எடுக்க ஒவ்வொன்றாக வெட்டினான். திருமணம் நடக்கிறதா, கணக்கெடுப்பு நடக்கிறதா என்று எனக்கே சந்தேகம். பதினேழாவது படம், கடலில் மறையும் சூரியன். முன்கூட்டியே சொல்லியிருந்தேன். சாட்டுச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். மாலை ஐந்தேமுக்காலுக்குப் புடவையும் வேட்டியுமாகக் கடற்கரைக்கு வந்தார்கள். சூரியன் அதற்குள் ஹோட்டலுக்குப் பின்னால் தென்னை மரங்களில் இறங்கிவிட்டது. முகத்தில் வெளிச்சமில்லை. பின்னால் சாம்பல் நிறக் கடல். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான்.

நாற்காலியில் இருந்த பெண்ணின் அம்மம்மாதான் வாய் திறந்தார். "பொழுது படுவது நம்முடைய ஊரில்தானே மகள். இங்கே அது எழும்பத்தான் செய்யும்."

மறுநாள் ஐந்தரைக்குக் கரையில் நிற்பதாகப் பேச்சு. மாப்பிள்ளையும் பெண்ணும் எழும்பவில்லை. முதல் நாள் சடங்குக் களைப்பு, பாவம். வந்தது அம்மம்மாவும் இரண்டு பெரியம்மாமாரும். பாசிக்குடாவில் கடல் ஆழமற்றது, அலையும் அடங்கிக் கிடக்கும். சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு மூவரும் உள்ளே நடந்தார்கள். எதிரே சூரியன் எழுந்தது. பட்டியலில் இல்லாத படம். அந்தத் திருமணத்தில் நான் எடுத்தவற்றில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். அல்பத்துக்குத் தெரிவு செய்தபோது அதை விட்டுவிட்டார்கள்.

இதில் எனக்குக் கோபம் எங்கே என்றால், ஊரை வெறும் பின்திரையாக்கிவிடுகிறோம். பாலித் தீவில் யாரோ எடுத்த படத்தைக் கொண்டுவந்து அதையே இங்கே எடுக்கச் சொன்னால், பாசிக்குடாவுக்கு வருவானேன்? மாலை வெளிச்சம் வேண்டுமா, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், வாவிக்கு வாருங்கள். 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தில் நின்றால் படுவான்கரை வயல்களுக்கு அப்பால் பொழுது படுவதைப் பார்க்கலாம். அறுகம்குடாவிலும் பாலத்தில் நின்று கடலுக்கு முதுகைக் காட்டிக் களப்புப் பக்கம் திரும்ப வேண்டும். நமக்கு அந்தி நேரம் குறைவு. சூரியன் விழுந்து இருபது நிமிடத்தில் இருட்டிவிடும். "இதோ முகம் கழுவிவிட்டு வருகிறேன்" என்று போகிறவர்கள் திரும்பி வரும்போது நான் விளக்கைப் பொருத்திக்கொண்டிருப்பேன்.

கொழும்பிலிருந்து பெரிய புகைப்படக் குழுக்களைக் கூட்டிவருவதில் எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது. ஆனால் இது வேறு விஷயம். ஒரு திருமணத்தில் அப்படி வந்த குழுவுக்கு நான் உதவியாளாகப் போனேன். தாலி ஏறும்போது எங்கள் பெண்கள் குரவையிடுவார்கள். இருபது, முப்பது பேர் ஒன்றாகக் குரவையிட்டால் மண்டபமே சிலிர்க்கும். குழுவினர் என்னவோ ஏதோ என்று திடுக்கிட்டுப் பார்த்தார்கள். பிறகு வந்த வீடியோவில் அந்தச் சத்தத்தை அடியோடு எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டிருந்தார்கள். பெண்கள் வாயைக் குவித்து நாக்கை அசைக்கிறார்கள், கேட்பது கிற்றார்.

இன்னொன்று வீடு. மட்டக்களப்பில் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். பெண் பிறந்ததும் தகப்பன் வீட்டுக்குக் கல் அரியத் தொடங்குவான் என்று பகிடியாகச் சொல்வார்கள். கத்தாரில் பதினாறு வருடம் நின்று மகளுக்கு வீடு கட்டிய ஒருவர், ஹோட்டல் வாசலில் என் கையைப் பிடித்து, "தம்பி, அந்த வீட்டுப் படியில் வைத்து ஒரே ஒரு படம்" என்றார். நேரமில்லை என்று விட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை. அது என் பிழை. இப்போது முற்பணம் வாங்கும்போதே "வீட்டுப் படி" என்று என் பக்கத்திலும் ஒரு பட்டியல் எழுதி வைக்கிறேன்.

காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்க முஸ்லிம் திருமணங்களுக்கு வேறு முறை. பல வீடுகளில் பெண்கள் பக்கத்துக்கு நான் போக மாட்டேன். என் குழுவில் உள்ள தங்கச்சிதான் போவாள். படங்களை அந்தக் குடும்பத்தின் கையில் கொடுப்போம். முகநூலில் ஒன்றும் வராது. விளம்பரம் போகிறதே என்று அவள் ஒருமுறை கவலைப்பட்டாள். அடுத்த மூன்று அழைப்புகள் அந்த வீட்டாரின் சொல்லால்தான் வந்தன.

தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிமாருக்கு ஒன்று. குளிரூட்டிய அறையிலிருந்து கமராவை நேராகக் கடற்கரைக்குக் கொண்டு போகாதீர்கள். லென்ஸ் வியர்த்துவிடும். அரை மணி நேரம் முன்னதாகவே பையோடு வெளியே வையுங்கள். நான் பழகியது ஒரு மணப்பெண் மண்டபத்திலிருந்து இறங்கி வரும் படத்தை முழுதாக இழந்த பிறகு.

படங்களின் பிரதியை மூன்று இடத்தில் வைப்பேன், அதில் ஒன்று ஊருக்கு வெளியே. பலர் இதை அதிகம் என்கிறார்கள். என் சின்னம்மாவின் வீடு கடலோர நாவலடியில் இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அங்கே அத்திவாரம்தான் மிச்சம். அவருடைய கல்யாணப் படம் ஒன்றே ஒன்று இன்று இருக்கிறது. அதுவும் முன்பு எப்போதோ சுவிஸில் இருக்கும் மாமாவுக்குக் கடிதத்தோடு அனுப்பியதால் தப்பியது. படத்தில் சித்தப்பாவின் முகத்தில் பாதி வெளிச்சத்தில் வெளுத்துப் போயிருக்கும். எடுத்தவர் அவசரத்தில் எடுத்திருக்க வேண்டும். சின்னம்மா அதைச் சாமி அறையில் வைத்திருக்கிறார்.

நேற்று இரவு வரும் ஆவணிக்கு ஒரு விசாரிப்பு வந்தது. கூடவே ஒரு படம், செக்கச் சிவந்த கடலும் பாதி மூழ்கிய சூரியனும். "கடல் வேண்டுமென்றால் காலை ஐந்தரை, மாலை வேண்டுமென்றால் வாவிக்கரை, வீட்டுப் படிக்கு அரை மணி நேரம்" என்று பதில் போட்டேன். பார்த்துவிட்டார்கள், இரண்டு நீலக் குறிகளும் விழுந்திருக்கின்றன. இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.