முதல் பெண் டி.ஜி.பி. யார்? சேலம் வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றும் தவறான தகவல்

சேலத்தில் சீருடைப் பணியாளர் தேர்வுக்குப் படிப்போரின் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரு பொது அறிவுக் குறிப்பு சுற்றுகிறது. "இந்தியாவின் முதல் பெண் டி.ஜி.பி. கிரண் பேடி, தமிழகத்தின் முதல் பெண் டி.ஜி.பி. திலகவதி" என்கிறது அது. டி.ஜி.பி. என்றால் காவல்துறைத் தலைமை இயக்குநர். ஒரு மாநிலக் காவல்துறைக்குத் தலைமை வகித்த முதல் பெண் என்ற பொருளில் இரண்டுமே தவறு.

இந்தியாவில் அந்த முதல் பெண் காஞ்சன் சவுத்ரி பட்டாச்சார்யா. 1973-ல் ஐ.பி.எஸ். ஆனவர். உத்தரப் பிரதேசப் பிரிவில் பணியாற்றி, 2004 ஜூனில் உத்தராகண்ட் டி.ஜி.பி. ஆனார், 2007 அக்டோபரில் ஓய்வு பெற்றார். 2019 ஆகஸ்ட் 26 அன்று மும்பையில் காலமானார். அவருடைய இடத்தில் இன்னொருவர் பெயரை எழுதுவது அவருக்குச் செய்யும் அநீதி.

கிரண் பேடி 1972-ல் சேர்ந்த முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி. எந்த மாநிலக் காவல்துறைக்கும் அவர் தலைவராக இருந்ததில்லை. திலகவதி தமிழ்நாட்டிலிருந்து தேர்வான முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, 1976. தமிழகக் காவல்துறையின் முதல் பெண் தலைவர் லத்திகா சரண். 2010 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

குழப்பம் வருவது இங்கேதான்: டி.ஜி.பி. தரநிலையில் ஒரே நேரத்தில் பலர் இருப்பார்கள், காவல்துறைத் தலைவர் ஒருவர்தான். சேலம் மாநகரக் காவல் ஆணையர் பதவியிலும் பதவி வேறு, தரநிலை வேறு. அதில் அமர்பவர் டி.ஐ.ஜி.யாகவும் இருக்கலாம், அதற்கு மேல் தரநிலையான ஐ.ஜி.யாகவும் இருக்கலாம்.

2019 ஆகஸ்ட் இறுதியில் வந்த நாளிதழ்களில் காஞ்சன் சவுத்ரியின் மறைவுச் செய்தியைப் பார்த்தாலே உறுதியாகிவிடும். பழைய குறிப்பை இனி பகிராதீர்கள். அனுப்பியவருக்கும் திருத்தத்தைச் சொல்லிவிடுங்கள்.