உருண்டு வருவது இரும்பு தின்னும் உயிர் அல்ல, ராவணன் மீசை

கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் கருமணலைத் தின்று வளரும் ‘பாதிச் செடி, பாதி விலங்கு’ நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. காந்தம் வைத்தால் ஒட்டுகிறதாம். தவறு.

அது ராவணன் மீசைப் புல்லின் காய்ந்த கதிர். இந்தப் புல்லில் ஆண், பெண் தனித்தனிச் செடிகள். பெண் செடியின் முள்ளுருண்டை முற்றியதும் ஒடிந்து, காற்றில் மணல்மேல் உருண்டோடி விதை பரப்பும். ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் உயிருள்ளது என்றே தோன்றும், அதைக் குறை சொல்ல முடியாது.

சரி, காந்தம்? முட்களுக்கிடையே சிக்கிய மணலில் இருக்கும் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவின் துகள்களைக் காந்தம் இழுக்கிறது, அவ்வளவே. லேசான வெண்மணலை அலை அரித்துப் போக, கனமான கருந்தாதுக்களான இல்மனைட்டும் மேக்னடைட்டும் தங்கிவிடுவதால் கரையில் கரும்பட்டைகள் தெரிகின்றன. புல் தனக்கான உணவை வெயிலில் தயாரித்துக்கொள்கிறது. மண்ணிலிருந்து இரும்பு துளியூண்டு போதும்.