பாலைக் காய்ச்சினாலும் போகாத விஷம்

பால்ல தண்ணி கலக்கான், யூரியா கலக்கான்னு பால்காரரை ஏசுறதுக்கு நம்ம ஊர்ல ஆள் நிறைய உண்டு, ஆனா அந்த மாடு திங்குற புண்ணாக்கு எந்த லட்சணத்துல இருக்குன்னு ஒருத்தரும் கேக்கதில்ல. ரொம்ப நாளா மனசுல கிடந்து உறுத்துது, அதான் எழுதுதேன்.

2018ல மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) நாடு முழுக்க 6,432 பால் மாதிரி எடுத்து சோதிச்சாங்க. உடம்புக்கு ஆபத்தான கலப்படம் இருந்தது வெறும் 12 மாதிரியில. அஃப்ளாடாக்சின் எம்1ங்கிற பூஞ்சை விஷம் அனுமதிச்ச அளவுக்கு மேல இருந்தது 368ல. அதுலயும் எண்ணிக்கையில அதிகம் நம்ம தமிழ்நாடுதான், இங்க எடுத்த 551ல 88. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு மனசே சரியில்ல. நம்ம பிள்ளையளுக்கு காலையில ஆத்திக் கொடுக்குற பால் இது.

இந்த விஷம் மாட்டுக்கு தீவனத்துல இருந்துதான் வருது. கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் இதுல ஈரம் ஏறினா ஒருவகை பூஞ்சை பிடிக்கும், அது கக்குறதுதான் அஃப்ளாடாக்சின் பி1. மாடு தின்னா ஈரல்ல மாறி எம்1 ஆகி ஒரு நாளைக்குள்ள பால்ல வந்துரும். எவ்வளவு காய்ச்சினாலும் போவாது. 1960ல இங்கிலாந்துல லட்சத்துக்கு மேல வான்கோழி கொத்துக்கொத்தா செத்தப்போ காரணம் தெரியாம திண்டாடி, கடைசியில பிரேசில்ல இருந்து வந்த கடலைப் புண்ணாக்குலதான் இதைக் கண்டுபிடிச்சாங்க. தீவனமும் விஷமும் சேந்த ஆராய்ச்சி எவ்வளவு முக்கியம்னு உலகத்துக்கு உறைச்சது அப்பதான்.

எங்க சொந்தத்துல ஒரு அக்கா கால்நடை உணவியல் படிச்சவ. மானூர் பக்கம் எங்க அத்தை வீட்டுத் தொழுவுக்கு வந்தவ முதல்ல மாட்டைப் பாக்கல, மூலையில இருந்த சாக்கைத்தான் பிரிச்சா. சிமெண்டு தரையில போட்டு சுவரோட சாய்ச்சு வச்சிருந்தாவ. மேல இருந்த புண்ணாக்கு நல்லாத்தான் இருந்துச்சு, அடியில கைய விட்டு ஒரு கட்டியை எடுத்து உடைச்சா உள்ள பச்சையும் மஞ்சளுமா பொடி, ஒரு மக்கல் வாடை. "ஏட்டி, ஒரு நாள் வெயில்ல போட்டா சரியாப் போவுமே"ன்னாவ அத்தை. "ஈரம் காயும் சித்தி, ஊறின விஷம் முழுசா போவாது, இதை வைக்காதீங்க"ன்னா. பலகை போட்டு, சுவத்துல இருந்து தள்ளி சாக்கை வைக்கச் சொன்னா. நல்ல தீவனத்துக்கு மாத்தினா மூணு நாலு நாள்ல பால்ல இறங்கிரும்னும் சொன்னா. இதை அத்தைக்கு இத்தனை வருஷமா ஒருத்தரும் சொல்லலியேன்னுதான் எனக்கு ஆத்திரம்.

2023 டிசம்பர்ல நம்ம திருநெல்வேலிப் பக்கம் வந்த வெள்ளத்துல வைக்கோல் படப்பெல்லாம் நனைஞ்சு, வேற வழியில்லாம அதையே உதறிப் போட்ட சனம் எத்தனை இருக்கும்.

மருந்து விஷயமும் இதே கதைதான். மடிநோய்க்கு ஆன்டிபயாட்டிக் போட்டா இத்தனை நாள் பாலை ஊத்தக் கூடாதுன்னு மருந்து அட்டையிலயே இருக்கும். ஒத்த மாட்டை வச்சு வட்டி கட்டுற வீட்டுல அந்தப் பாலை எப்படிக் கீழ கொட்டுவாவ? நான் அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக்ங்கிற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ன கழுகுகளை ஏறக்குறைய அழிச்சுட்டுதுன்னு 2004ல நிரூபிச்ச பிறகுதான் 2006ல இங்க மாட்டுக்கு அதைத் தடை பண்ணாங்க. உடம்புல தங்குற மருந்து எங்க போய் நிக்கும்னு இதுலயே தெரியுது.

பால் சங்கத்துல கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு போக மிச்சமுள்ள சத்து) பாத்துதான் காசு. விஷமில்லாத தீவனம் வச்சதுக்குன்னு தனியா ஒரு பைசா கூட வராது. அப்புறம் எப்படி மாறும்? சங்கமே தீவனத்தை சோதிக்கணும், மருந்து போட்ட நாள் பாலுக்கு ஈடு கொடுக்கணும், இதை நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்.

சங்கத்துல பொறுப்புல இருக்க அண்ணாச்சிமாரு யாராவது இதைப் படிச்சா, ஐப்பசி மழைக்கு முன்னால தீவன மாதிரி ஒண்ணு நாமக்கல் கால்நடைக் கல்லூரி தீவன ஆய்வகத்துக்கு அனுப்பிப் பாருங்க. விவரம் வேணும்னா நம்ம ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியில கேளுங்க. ஒரே இடத்துல அள்ளிராதீங்க, மூட்டையில ஒரு மூலையில மட்டும் கூட விஷம் இருக்கலாம், அதனால மேல, நடுவுல, அடியிலன்னு பல மூட்டையில இருந்து எடுத்துக் கலந்து அனுப்பணும்.